பதினோராம் மாடி வேட்பாளர்

கொதிகலன் எந்தக் குளிரில் பழுதாகும், கூரை எந்த மாதத்தில் ஒழுகத் தொடங்கும், பனி வழிக்கிற ஒப்பந்தக்காரனை எப்படித் தேடிப் பிடிப்பது என்பதெல்லாம் உங்களுக்கு வகுப்பில் சொல்லித் தருவார்கள். லைசன்ஸ் சோதனையிலும் அதைத்தான் கேட்பார்கள். கொண்டோ என்கிற அடுக்குமாடி வீட்டுக் கட்டடங்களுக்கு மனேச்சர் வேலை பார்க்கப் புதிதாக வந்திருக்கும் நீங்கள், ஓய்வுபெற்றவள் என்று என்னைக் கூப்பிட்டு, அனுபவத்தில் இருந்து ஏதாவது சொல்லும்படி கேட்டிருக்கிறீர்கள். நான் மிஸ்டர் லியாங்கைப் பற்றிச் சொல்கிறேன். இவ்வளவு கால வேலையில் நான் அதிகம் விழி பிதுங்கி நின்றது அவர் முன்னால்தான்.

ஸ்காபரோவின் வடக்கு ஓரத்தில், மார்க்கம் நகருக்கு ஏறும் பெருந்தெருவில் இருக்கிறது அந்தப் பன்னிரண்டு மாடிக் கட்டடம். பாதிப் பேர் நம் தமிழ் ஆட்கள். மீதியில் பெரும்பாலானோர் சீனர்கள். நான் அஜக்ஸில் இருந்து 401 நெடுஞ்சாலையில் ஊர்ந்து வந்து அதைப் பார்த்துக்கொண்டேன்.

ஒரு நாள் காலை பதினோராம் மாடியில் இருக்கும் மே என்ற பெண் தன் தகப்பனை என் அலுவலகத்துக்குக் கூட்டி வந்தார். மே மிசிசாகாவில் ஒரு மருந்துக் கம்பனியில் வேலை செய்கிறவர். வீடு அவருடையது. தாயும் தகப்பனும் சீனாவில் இருந்து அவரிடம் வந்து சேர்ந்து சில கிழமைகள்தான் ஆகியிருந்தன. தகப்பன் கறுப்புக் கோட்டும் கழுத்துப்பட்டியும் போட்டு, பளபளக்கும் சப்பாத்தோடு, கதிரை நுனியில் நிமிர்ந்து உட்கார்ந்தார். ஆங்கிலம் தெரியாது. அவர் தன் மொழியில் சொல்ல, மே எனக்கு ஆங்கிலத்தில் சொன்னார்.

“அப்பா தன்னை அறிமுகம் செய்ய வந்திருக்கிறார். அங்கே ஒரு மாகாணத்தின் துணை ஆளுநராக இருந்து ஓய்வுபெற்றவர். வீதி, பாலம், தண்ணீர் எல்லாம் அவருடைய பொறுப்பு.”

“பெரிய மாகாணமா?” என்று மரியாதைக்குக் கேட்டேன்.

மே கொஞ்சம் கூச்சப்பட்டார். “கனடா முழுவதையும் சேர்த்தாலும் அங்கேதான் சனம் கூட.”

மிஸ்டர் லியாங் தொண்டையைச் செருமிக்கொண்டு கேள்விகளைத் தொடங்கினார். இந்தக் கட்டடத்துக்கு யார் பொறுப்பு?

“போர்ட் என்று ஒரு நிர்வாகக் குழு இருக்கிறது. இங்கே வசிப்பவர்கள்தான் உறுப்பினர்கள். சம்பளம் இல்லை. அவர்கள் முடிவு செய்வதை நான் நடத்திக் கொடுக்கிறேன்.”

“போர்ட்டுக்கு மேலே யார்?”

“வீட்டுச் சொந்தக்காரர்கள்.”

“அவர்களுக்கு மேலே?”

“ஒருவரும் இல்லை.”

அவர் கொஞ்ச நேரம் என் தலைக்கு மேலே இருந்த கூரையைப் பார்த்தார். பிறகு, குப்பை அறையைப் பார்வையிடலாமா என்று கேட்டார்.

அன்றிலிருந்து தினமும் காலையில் கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு, மேல்மாடியில் இருந்து படிப்படியாக இறங்கி வந்து, ஒவ்வொரு மாடியையும் பார்வையிடத் தொடங்கினார். யாரும் அவரிடம் அதைக் கேட்கவில்லை. ஆனால் அவருடைய நடையைக் கண்டால் எவருக்கும் முதுகு நிமிரும். கட்டடத்தில் திருத்த வேலை செய்கிற எங்கள் சூப்பர் இரண்டாம் நாளே ஒரு துணியைக் கையில் எடுத்துக்கொண்டு அவருக்குப் பின்னால் நடக்கத் தொடங்கிவிட்டார். ஏன் என்று கேட்டேன். “தெரியவில்லை, ஆனால் நடக்காவிட்டால் பிழை மாதிரி இருக்கிறது,” என்றார்.

நம் ஆட்கள் அவரை மறித்து முறைப்பாடு சொல்லத் தொடங்கினார்கள், தமிழில்தான். எட்டாம் மாடி றாணி அன்ரி ஒரு நாள் அவரைப் பிடித்து நிறுத்திவைத்துக் கதைப்பதை நானே பார்த்தேன்.

“ஐயா, உந்த எலிவேற்றர் திரும்பவும் நிண்டு போச்சு. என்ர முழங்காலைப் பாருங்கோ, வீங்கிப் போய்க் கிடக்கு. சொல்லிச் சொல்லி என்ர வாய்தான் நோகுது.”

மிஸ்டர் லியாங் ஒரு சொல்லும் விளங்காமல், நெற்றியைச் சுருக்கி, அவர் முழுக்கச் சொல்லி முடியும்வரை நின்று கேட்டார். பிறகு கையை நெஞ்சில் வைத்துத் தலையை அசைத்துவிட்டுப் போனார்.

றாணி அன்ரி என் பக்கம் திரும்பினார். “அந்த மனுசனுக்கு எல்லாம் விளங்கும் பிள்ளை. நீர்தான் ஒண்டும் காதிலை வாங்கிறேல்லை.”

எனக்குச் சுருக்கென்றது. ஆனால் அதன் பிறகு என் தொலைபேசிக்கு வரும் முறைப்பாடுகள் குறைந்தது உண்மை. கட்டடத்தில் ஒன்றும் திருந்தவில்லை, ஒரு ஆணிகூட அடிக்கப்படவில்லை, ஆனாலும் குறைந்தது. அதற்குப் பிறகு யாராவது என்னிடம் கதைக்க வந்தால் கைத்தொலைபேசியைக் கவிழ்த்து வைக்கப் பழகினேன். நீங்களும் பழகுங்கள்.

இனி குணம் அண்ணை. எங்கள் போர்ட்டின் தலைவர். ஒஷாவாவில் கார்ப் பாகங்கள் செய்யும் தொழிற்சாலையில் உழைத்து ஓய்வுபெற்றவர், நல்ல மனிதர். வருடாந்தக் கூட்டம் வந்தால், “ஆராவது போர்ட்டுக்கு நிக்கிறியளோ?” என்று கேட்டுச் சபையைச் சுற்றிப் பார்ப்பார். எல்லோரும் நிலத்தைப் பார்ப்பார்கள். “அப்ப நானே செய்யிறன்,” என்று சொல்லி உட்காருவார். இப்படியே அவர் எத்தனையோ வருடங்கள் தலைவராக இருந்தார். அவருக்கு இருந்தது ஒரே கொள்கை: மாதக் கட்டணம் ஏறக்கூடாது.

எங்கள் எலிவேற்றர்கள் இரண்டும் உங்களில் பலரைவிட வயது கூடியவை. மாற்ற வேண்டும் என்று பொறியியலாளர் ஒவ்வொரு முறையும் எழுதுவார். நான் ஒவ்வொரு முறையும் அதைக் குணம் அண்ணையிடம் கொண்டுபோவேன். “இந்த வருசம் பொறுப்பம் பிள்ளை. பென்சன்காரச் சனம் பாவம், எங்க போகும்?” என்பார். அவர் அதை மனதாரத்தான் சொன்னார். அவர் தனக்காகச் சேமித்தவர் அல்லர்.

ஒரு மார்கழிக் காலையில் இரண்டு எலிவேற்றர்களும் ஒரே நேரத்தில் நின்றன.

மிஸ்டர் லியாங்கின் மனைவிக்குச் சிறுநீரகம் பழுது. கிழமையில் சில நாட்கள் டயலிசிஸுக்குப் போயாக வேண்டும். அன்றும் போக வேண்டிய நாள். ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோகிற வான் வாசலில் நின்றது. மே வேலைக்குப் போய்விட்டார். எலிவேற்றர் கம்பனி மத்தியானத்துக்குப் பிறகுதான் வர முடியும் என்றது. தீயணைப்புப் படையைக் கூப்பிட்டேன். எங்கோ பெரிய விபத்து, வருகிறோம், எப்போது என்று சொல்ல முடியாது என்றார்கள். நான் படியேறத் தொடங்கினேன்.

ஆறாம் மாடிப் படிக்கட்டில் அவர்களை எதிர்கொண்டேன். மிஸ்டர் லியாங் அதே கோட், அதே கழுத்துப்பட்டியோடு முன்னால் இறங்கிக்கொண்டிருந்தார். போக்குவரத்துப் பொலிஸ்காரரைப் போல இரண்டு கைகளாலும் சைகை காட்டினார். பின்னால் ஒரு சாப்பாட்டு மேசைக் கதிரையில், போர்வையால் சுற்றி, இடுப்பில் சேலை ஒன்றால் கட்டப்பட்ட அவருடைய மனைவி. சேலை றாணி அன்ரியுடையது. கதிரையின் நான்கு காலையும் நான்கு பேர் பிடித்திருந்தார்கள். ஒவ்வொரு மாடியிலும் புதிதாக நான்கு பேர் வாசலைத் திறந்துகொண்டு காத்து நின்றார்கள். மிஸ்டர் லியாங் கையை உயர்த்துவார், பழையவர்கள் விடுவார்கள், புதியவர்கள் பிடிப்பார்கள். அவருடைய கட்டளை ஒன்றும் ஒருவருக்கும் விளங்கவில்லை. ஒரு பிழையும் நடக்கவில்லை. கதிரையில் இருந்த அம்மா மட்டும் பதினோராம் மாடியில் இருந்து கணவனைத் திட்டியபடியே வந்தார். அதற்கு மொழிபெயர்ப்புத் தேவைப்படவில்லை.

விதிப்படி நான் அவர்களை அங்கேயே நிறுத்த வேண்டும். ஒருவருடைய கால் தவறினால் அத்தனை பேரும் உருளுவார்கள். பிறகு வழக்கறிஞர்கள் வருவார்கள். நிறுத்தினால், அந்த அம்மா ஆறாம் மாடிப் படிக்கட்டுக் குளிரில், முன்னுக்கும் போக முடியாமல் பின்னுக்கும் போக முடியாமல் இருக்க வேண்டும். யாரிடமும் கேட்டு முடிவெடுக்க நேரம் இல்லை. ஐந்தாம் மாடிக் கதவை நானே திறந்து, அங்கே நின்றவர்களில் வலு உள்ளவர்களைக் கீழ்ப்பக்கத்துக்கு மாற்றி நிறுத்தினேன். மூன்றாம் மாடியில் கதிரையின் ஒரு காலைப் பிடிக்க நின்றவர் குணம் அண்ணை. மூச்சிரைக்க இரண்டாம் மாடிவரை தூக்கினார். வான் புறப்பட்ட பிறகு படியிலேயே உட்கார்ந்துவிட்டார். என்னைப் பார்க்கவில்லை.

அடுத்த கிழமை மிஸ்டர் லியாங் மேயோடு என் அலுவலகத்துக்கு வந்தார். போர்ட்டில் சேருவதற்கு என்ன வழி என்று கேட்டார். எங்கள் கட்டட விதிப்படி வீடு சொந்தமாக இல்லாதவரும் நிற்கலாம். வருடாந்தக் கூட்டம் மாசியில் வருகிறது, குணம் அண்ணையின் தவணை முடிந்து இடம் காலியாகிறது, நீங்கள் நிற்கலாம், சொந்தக்காரர்கள் வாக்களிப்பார்கள் என்றேன்.

“யார் வெல்லுவது என்று யார் முடிவு செய்திருக்கிறார்கள்?”

“எண்ணி முடியும்வரை ஒருவருக்கும் தெரியாது.”

மே இதை மொழிபெயர்த்ததும் அவர் நம்பாமல் மகளைப் பார்த்தார். தான் விளங்கிக்கொண்டது சரியா என்று மே என்னிடம் இன்னொரு முறை கேட்டார். ஓம் என்றேன்.

“அப்படியென்றால் பூச்செண்டுக்கு எப்படி ஓடர் கொடுப்பீர்கள்? யாருடைய பெயரில்?”

எங்களிடம் பூச்செண்டு கொடுக்கும் வழக்கம் இல்லை என்றேன். அவர் மேயிடம் மெதுவாக ஏதோ சொன்னார். மே சிரிப்பை அடக்கிக்கொண்டு எனக்குச் சொன்னார்: “அப்பா கிராமத்தில் இருந்து மாகாணம்வரை எத்தனையோ பதவிக்குத் தெரிவாகியிருக்கிறாராம். ஒரு தடவைகூட எதிரில் ஆள் இருந்ததில்லையாம். எப்போதும் எல்லா வாக்கும் கிடைக்குமாம். ஒரே ஒரு முறை ஒரு வாக்குக் குறைந்ததாம்.”

“யாருடையது?”

“அவருடையதுதான். அடக்கமாக இருக்கச் சொல்லியிருந்தார்களாம்.”

அன்று பின்னேரமே குணம் அண்ணை வந்து கதவைச் சாத்தினார். “போட்டியாமே? ஏன் பிள்ளை, நான் என்ன பிழை விட்டனான்?”

அப்போதுதான் எனக்கு உறைத்தது. அவருக்கும் இது முதல் தேர்தல்தான்.

இந்த இடத்தில் கவனமாகக் கேளுங்கள். மனேச்சருக்கு வாக்கும் இல்லை, பக்கமும் இல்லை. நான் இருவருக்கும் ஒரே வார்த்தையைத்தான் சொன்னேன்: வீடு வீடாகப் போய்க் கேளுங்கள்.

குணம் அண்ணை போனார். ஒவ்வொரு வீட்டிலும் தேத்தண்ணி குடித்தார், பனியைப் பற்றிக் கதைத்தார், பிள்ளைகளின் படிப்பை விசாரித்தார், எழுந்து வந்தார். வாக்கைப் பற்றி வாய் திறக்கவில்லை. “எப்பிடிப் பிள்ளை கேக்கிறது? வெக்கமாக் கிடக்கு,” என்றார் என்னிடம்.

மிஸ்டர் லியாங் கேட்டார். மே அவருடைய கைத்தொலைபேசியில் ஒரு மொழிபெயர்ப்புச் செயலியைப் போட்டுக் கொடுத்திருந்தார். கதவு திறந்ததும் அவர் தலை குனிந்து வணங்கி, தொலைபேசியை நீட்டுவார். அதற்குள் இருந்து ஒரு பெண் குரல் கணீரென்று சொல்லும்: “வணக்கம். உங்கள் ஓட்டை எனக்குத் தாருங்கள்.”

செயலிக்குத் தெரிந்தது இந்தியத் தமிழ். அங்கே ஓட்டு என்பார்கள். எங்கள் கட்டடத்து ஆட்களுக்கு அது வோட், இல்லாவிட்டால் வாக்கு. ஓட்டை என்றால் ஓட்டைதான்.

றாணி அன்ரி கதவை அகலத் திறந்தார். “ஓட்டையோ? ஐயோ, வாங்கோ வாங்கோ! குசினிக்குள்ளை கிடக்கு, வந்து பாருங்கோ.”

மிஸ்டர் லியாங் சப்பாத்தைக் கழற்றி வைத்துவிட்டு, கோட்டோடு முழங்காலில் நின்று, சமையலறைத் தொட்டிக்குக் கீழே தண்ணீர் சொட்டுவதைப் பார்த்தார். அடுத்த வீட்டில் குளியலறைக் கூரையைக் காட்டினார்கள். அதற்கடுத்த வீட்டில் பல்கனிக் கதவுக்குக் கீழே பனிக்காற்று வருகிற இடுக்கைக் காட்டினார்கள். செய்தி மாடி மாடியாகப் பரவியது. “சீன ஐயா ஓட்டை பாக்க எத்தினை மணிக்கு வருவார்?” என்று என்னிடம் தொலைபேசியில் கேட்கத் தொடங்கினார்கள். ஒரு குடும்பம் அவர் வரும்வரைக்கும் வாளியை அகற்றாமல் வைத்திருந்தது.

அவருக்குக் கவலை ஒன்று இருந்தது. சீனக் குடும்பங்களிடம் அவர் நேரடியாகவே கதைத்தார். பலர் அவரைக் கண்டதும் எழுந்து நின்று, எல்லாம் மிக நன்றாக இருக்கிறது, ஒரு குறையும் இல்லை என்றார்களாம். “அவர்களுக்கு என்னைப் போன்றவர்களைத் தெரியும்,” என்று மேயிடம் சொன்னாராம்.

ஒரு தமிழ்ச் சிநேகிதி மேயிடம் சொன்ன பிறகுதான் பிழை எங்கே என்று தெரிந்தது. மே பதறிக்கொண்டு என்னிடம் வந்தார். அப்பா ஒரு கிழமையாக எல்லோரிடமும் ஓட்டை கேட்டுக்கொண்டு திரிகிறார், இதை எப்படிச் சொல்வது, அவர் வாழ்க்கையில் ஒருபோதும் இப்படிச் சிரிப்புக்கு இடமானதில்லை என்று கண் கலங்கினார். மறைக்கலாமா என்று கேட்டார். மறைக்க வேண்டாம், அவரையே கூப்பிடுங்கள் என்றேன். வந்து உட்கார்ந்தார். மே சொன்னார். அவருடைய முகத்தில் ஒரு அசைவும் இல்லை.

பிறகு அவர் நெடுநேரம் கதைத்தார். மே ஒவ்வொரு வசனமாக எனக்குச் சொன்னார். முன்பு ஒரு ஊரில் புது ஆஸ்பத்திரி திறக்கப் போனாராம். சிவப்புக் கம்பளம், பாண்ட் வாத்தியம், புத்தம்புது எலிவேற்றர். ஏறினார், மேலே போனார், எல்லோரும் கை தட்டினார்கள். ஓய்வுபெற்ற பிறகு அந்த ஊர்க்காரர் ஒருவர் சிரித்துக்கொண்டே அவரிடம் சொன்னாராம்: அன்றைக்கு மோட்டர் வந்து சேரவில்லை. மேலே ஆட்கள் நின்று கையால் இழுத்தார்கள்.

“எங்கே போனாலும் எனக்கு முன்னால் வெள்ளையடிக்கச் சுண்ணாம்பு போயிருக்கும்,” என்றார். “இவ்வளவு காலத்தில் இங்கேதான் ஆட்கள் கதவைத் திறந்து எனக்கு ஓட்டையைக் காட்டுகிறார்கள்.”

எழுந்து கோட்டைச் சரி செய்துகொண்டார். “அந்த வசனத்தை மாற்ற வேண்டாம்.”

குணம் அண்ணைக்கும் விசயம் எட்டியது. “அந்தாளுக்கு எல்லா ஓட்டையையும் காட்டினவையாம். இவ்வளவு வருசமா எனக்கு ஒருதரும் காட்டேல்லையே, பிள்ளை!” நீங்கள் கேட்கவில்லையே அண்ணை என்பது என் நாக்கு நுனிவரை வந்தது. விழுங்கினேன்.

கூட்டம் கீழ்த்தளத்து விழா மண்டபத்தில் நடந்தது. வழக்கமாகப் பாதிக் கதிரை காலியாக இருக்கும். அன்று சுவர் ஓரமெல்லாம் ஆட்கள் நின்றார்கள். குணம் அண்ணை எழுதிக்கொண்டு வந்ததை வாசிக்க முயன்று, வரியைத் தவறவிட்டு, கடதாசியைச் சட்டைப்பைக்குள் வைத்துவிட்டு, “என்னை உங்களுக்குத் தெரியும்,” என்று மட்டும் சொல்லி இருந்துவிட்டார். மிஸ்டர் லியாங் எலிவேற்றரைப் பற்றிப் பேசினார். மாற்றினால் கட்டணம் ஏறும், ஏறாது என்று சொல்வது பொய் என்றார். மே அதை மொழிபெயர்க்கத் தயங்கினார். அவர் மகளை முறைத்ததும் சொன்னார்.

வாக்குகளை எண்ணினோம். குணம் அண்ணை வென்றார். வென்றது மயிரிழையில்.

யாரும் கை தட்டவில்லை. இந்தக் கட்டடத்தில் அதுவரை ஒருவரும் வென்றதும் இல்லை, தோற்றதும் இல்லை. என்ன செய்வது என்று தெரியாமல் சபை விழித்தது. குணம் அண்ணையின் முகம் வெளிறிப்போயிருந்தது. “இவ்வளவு பேரோ எனக்கு எதிரா?” என்று என் காதுக்குள் கேட்டார்.

அப்போது மிஸ்டர் லியாங் எழுந்து நின்றார். எல்லோருக்கும் பயம் பிடித்தது. அவர் நேரே என்னைப் பார்த்து ஏதோ கேட்டார். மே தலையைக் குனிந்துகொண்டு சொன்னார்: “தோற்றவர் இங்கே என்ன செய்ய வேண்டும் என்று அப்பா கேட்கிறார்.”

மண்டபம் முழுக்க என்னைப் பார்த்தது. விதிப்புத்தகத்தில் இதற்குப் பதில் இல்லை. ஆறுதல் சொன்னால் அது அவருக்கு அவமானம். பாராட்டினால் குணம் அண்ணைக்கு அவமானம். மண்டபத்தை அடுத்த வாடகைக்காரருக்குக் கொடுக்கும் நேரமும் நெருங்கிக்கொண்டிருந்தது.

“கதிரைகளை அடுக்க வேண்டும்,” என்றேன்.

மே என்னை ஒரு மாதிரிப் பார்த்தார். ஆனாலும் சொன்னார். மிஸ்டர் லியாங் தலையை அசைத்தார். கோட்டைக் கழற்றி மகளிடம் கொடுத்தார். நாங்கள் அவரைக் கோட் இல்லாமல் பார்த்தது அன்றுதான். முதல் வரிசைக் கதிரையை மடித்து, அதன் மேல் இரண்டாவதை வைத்தார். அதில் இருந்தவர்கள் அவசரமாக எழுந்தார்கள். அவர் ஒரு வரிசையை முடிப்பதற்குள் குணம் அண்ணை வந்து மற்றப் பக்கத்தைப் பிடித்தார். தலைவர் அடுக்கத் தேவையில்லை என்று ஒருவர் சொன்னபோது, “சும்மா இரும்,” என்று சீறினார். இருவரும் வரிசை வரிசையாக அடுக்கினார்கள். கடைசி வரிசையில் குணம் அண்ணை நிமிர்ந்து நின்று, ஆங்கிலமும் தமிழும் கலந்து, மேல்மாடியைக் கையால் காட்டிச் சொன்னார்: “எலிவேற்றர். நான் செய்யிறன். வாற மீற்றிங்கிலை. ஓகே?”

மிஸ்டர் லியாங் கையை நீட்டினார். குணம் அண்ணை தூசிக் கையைக் காற்சட்டையில் துடைத்துவிட்டுப் பிடித்தார்.

செய்தார். கட்டணம் ஏறியது. அவரைத் திட்டாதவர்கள் இல்லை. கோடை முழுக்க ஒரு எலிவேற்றரோடு முட்டி மோதிக்கொண்டு இருந்தோம். இலையுதிர்காலத்தில் புதியது ஓடத் தொடங்கியது. திறப்புவிழா வேண்டாம் என்று குணம் அண்ணை, மிஸ்டர் லியாங் இரண்டு பேருமே சொல்லிவிட்டார்கள்.

அது ஓடத் தொடங்கிய அன்று காலை பத்து மணிக்கே எனக்குத் தொலைபேசி வரத் தொடங்கியது. எலிவேற்றருக்குள் ஒரு அம்மா இருக்கிறாராம், இறங்குகிறார் இல்லையாம். போய்ப் பார்த்தேன். மிஸ்டர் லியாங்கின் மனைவி. டயலிசிஸ் இல்லாத நாள். பிடித்து நடக்கும் சில்லு வைத்த நடைவண்டியின் இருக்கையில், நல்ல சிவப்புக் கம்பளிச் சட்டை போட்டு, தலை வாரி, கண்ணாடிக்கு முன்னால் உட்கார்ந்திருந்தார். ஏறுகிறவர்களுக்கெல்லாம் தலை அசைத்து வரவேற்பு. கீழே போகும், மேலே போகும், அவர் அசையவில்லை. எலிவேற்றரைத் தேவையில்லாமல் மறிக்கக்கூடாது என்று சுவரில் எழுதிப் போட்டதே நான்தான்.

உள்ளே ஏறினேன். எந்த மாடி என்று விரலால் கேட்டேன். அவர் பொத்தான்களை மேலிருந்து கீழாக ஒரு முறை பார்த்தார். பிறகு என்னைப் பார்த்துச் சிரித்தார்.

நான் எல்லா மாடிப் பொத்தான்களையும் ஒவ்வொன்றாக அமத்திவிட்டு, அவருக்குப் பக்கத்தில் நின்றேன்.